அத்திம்பேரின் ஐஸ் பெட்டி

அக்காவின் கணவரை எங்கள் வீட்டு வழக்கப்படி அத்திம்பேர் என்றுதான் கூப்பிடுகிறேன். இன்றைக்கும் அப்படித்தான். மரியாதை வாயோடு சரி.

நானும் அவருமாகப் பாதிக்குப் பாதி போட்டு ஒரு சின்னப் பாய்மரப் படகு வாங்கினோம். பழைய ஃபைபர் படகு. வங்காளத்தில் பஜ்பஜ் பக்கம் கங்கைக்கரையில் ஒரு தனியார் படகுத்துறையில் கட்டி வைத்திருக்கிறோம். எங்கள் வீடுகள் இருக்கிற லேக் கார்டன்ஸிலிருந்து சனிக்கிழமை காலையில் கிளம்பிப் போய், காற்று இருந்தால் பாயை விரித்து ஆற்றில் சுற்றிவிட்டு வருவோம். படகுக்குள் ஒரு ஐஸ் பெட்டி உண்டு. பேருக்குத்தான் ஐஸ் பெட்டி. காலையில் போட்ட ஐஸ் சாப்பாட்டு வேளைக்குத் தண்ணீராகியிருக்கும், தயிர்சாதம் புளித்திருக்கும்.

நான் சரிபண்ணுகிறேன் என்றேன். பக்கப் பலகையைப் பெயர்த்தால், உள்ளே இருந்த ஒற்றைத் தெர்மாகோல் டீயில் ஊறின ரஸ்க் மாதிரி கையோடு வந்தது. புதுத் தெர்மாகோல் வாங்கி, செருப்புக்கு ஒட்டுகிற ரப்பர் பசையால் ஒட்டினேன். அந்தப் பசை தெர்மாகோலைக் கரைத்துத் தின்றுவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. மறுவாரம் போய்ப் பார்த்தால் எல்லாம் குழி குழியாகக் கிடந்தது.

அத்திம்பேர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "என்ன இன்ஜினியரம்மா, எலி கடிச்சுடுத்தா? பேங்க்ல கையெழுத்துப் போடற மாதிரின்னு நெனச்சியா?" தெருவில் பார்க்கிற தாதா, பௌதி என்று அண்ணன் மன்னி ஒருவர் விடாமல் வங்காளத்திலும் சொல்லிச் சிரித்தார். இரு, காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டேன்.

குளிர்காலம் முழுக்க என் சனிக்கிழமைகள் அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டபடியே போயின. இந்தத் தடவை தண்ணீர் குடிக்காத கெட்டி ஃபோம் பலகையைக் கனமாக அடுக்கினேன். வெளிப்புறத்து ஈரம் புகாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றினேன். சந்துபொந்தெல்லாம் டப்பாவிலிருந்து பீச்சுகிற நுரையை அடித்தேன். அது முழங்கை வரை ஒட்டி, தோலோடுதான் வந்தது. மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை. ஐஸ் உருகின தண்ணீர் வெளியேறுகிற குழாய் வழியாகக் குளிரும் நழுவுகிறது என்று கண்டுபிடித்து, அந்தக் குழாயை வளைத்துக் கட்டினேன். வளைவில் தேங்குகிற தண்ணீரே குளிரை மறித்துக்கொள்ளும். அத்திம்பேர் மேலே நாற்காலி போட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை போட்ட ஐஸ் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் பாளமாகக் கிடந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

குளிர் முடிகிற சமயம் இங்கே நடக்கிற சரஸ்வதி பூஜைப் பந்தலில் அத்திம்பேர் நாலு பேருக்கு நடுவில் நின்று பேசுவது காதில் விழுந்தது. "நானே உக்காந்து டிசைன் பண்ணினேன். மச்சினி கூடமாட ஒத்தாசை பண்ணினா." பக்கத்தில் அக்கா தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். பூரா குளிர்காலமும் எனக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள் அவள்தான்! அப்புறம் தனியாகக் கேட்டேன். "விடேண்டி, அவருக்கு ஒரு சந்தோஷம்," என்றாள். என் சந்தோஷத்தை எடுத்து அவருக்குக் கொடுக்க இவள் யார்?

ஹோலி முடிந்து வெயில் ஏறியதும், அக்கா பெண்ணைப் பார்க்கப்போகிற பையனின் அப்பா அம்மாவைப் படகில் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார் அத்திம்பேர். ஐஸ் பெட்டிதான் அன்றைய காட்சிப்பொருள். முந்தின நாள் மாலை ஐஸ் ஏற்றுகிற வேலையை என் தலையில் கட்டினார். ஏற்றினேன். ஏற்றிவிட்டு, மூடியின் ரப்பர் பட்டையை உரித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். குழாய்க் கட்டை அவிழ்த்து நேராகத் தொங்கவிட்டேன்.

மறுநாள் மத்தியானம், நானும் அக்காவும்கூட ஏறியிருக்க, நடு ஆற்றில் அத்திம்பேர், "இப்ப பாருங்கோ," என்று மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு பொட்டு ஐஸ் இல்லை, நனைந்த சாக்கு மட்டும். மிஷ்டி தோயி என்கிற இனிப்புத் தயிர் தண்ணீர் விட்டுச் சொதசொத என்றிருந்தது.

பையனின் அப்பா ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவர். சாதுவாகத்தான் கேட்டார். "நீங்களே பண்ணினதுன்னு சொன்னேளே, உள்ள என்ன போட்டிருக்கேள்?"

"தெர்மாகோல்… ஒசத்தித் தெர்மாகோல்."

"எவ்வளவு கனம்?"

அத்திம்பேர் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். "நீங்கதானே அத்திம்பேர் பண்ணினேள்?" என்றேன். ஆஹா, அந்த நிமிஷம் இனித்தது!

அவர் முகம் கறுத்தது. "எனக்கென்ன தெரியும்? எல்லாம் இவ பண்ணினதுதான்," என்று என் பக்கம் கையை நீட்டினார்.

மாசக்கணக்காக நான் கேட்கத் தவித்த வார்த்தை, கெட்டுப்போன தயிரோடு வந்தது. பேசாமல் இருந்தால் என் பெட்டி குப்பை என்று ஆகிவிடும். பேசினால் நான் பொல்லாதவள். பொல்லாதவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று பையைத் திறந்து பட்டையை எடுத்துக் காட்டினேன். "ஆமாம், நான்தான் பண்ணினேன். ரெண்டு நாள் ஐஸ் நிக்கும். நேத்திக்கு இதைக் கழட்டினதும் நான்தான்."

அந்த வரன் தட்டிப்போகவில்லை; ரயில்வேக்காரர் இறங்கும்போது குழாய் வளைவைப் பற்றி என்னிடம் விவரமாக விசாரித்தார். அக்கா மட்டும் படகுத்துறையில் என்னைத் தனியே இழுத்தாள். "அந்தப் பட்டையை எப்படி மாட்டறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு. இனிமே நீ எங்களோட வரப்போறதில்லை."

"அவரே கேக்கட்டும். என் மூஞ்சியைப் பாத்துக் கேக்கட்டும்," என்றேன்.

வெயில் கொளுத்துகிறது. படகில் வெந்நீர்தான் குடிக்கிறார்களாம். அத்திம்பேர் இன்னும் கேட்கவில்லை. தினம் சாயங்காலம் போன் பண்ணுகிற அக்கா இப்போது பண்ணுவதில்லை. மணி அடித்தால் அவளாக இருக்குமோ என்று ஓடுகிறேன். நானாகக் கூப்பிடமாட்டேன்.