நிலம் வைத்திருந்தது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் சம்பந்திகளோடு மதியச் சாப்பாடு. சம்பந்திகள் ஸ்பெயின்காரர்கள். பையன் வேலைக்குப் போன ஊரிலேயே பெண்ணையும் பார்த்துக்கொண்டான்.

அவர்களுக்கு ஆங்கிலம் வராது. அதனால் ஊரப்பாக்கத்திலிருந்து ஆபீஸ் போகும் ரயிலில், செல்போனும் கையுமாக நான் ஸ்பானிஷ் படித்தேன். குடும்பக் கதை சொல்லும் பாடம். நம்மைப் போலவே அவர்களுக்கும் வினைச்சொல்லின் வாலில்தான் ஆள் இருக்கிறார். ‘தெனீயாமோஸ்’ என்றால் வைத்திருந்தோம். ‘தெனீயான்’ என்றால் வைத்திருந்தார்கள்.

இலக்கணம்கூட வந்துவிட்டது. என் கணவர்தான்...

“மதுராந்தகத்துல நமக்கு நெலம் இருந்துச்சுன்னு சொல்லிடு.”

“ஏங்க, உங்கப்பா அடுத்தவங்க நெலத்துலதானே கூலிக்கு நட்டாரு?”

“அதுக்கின்னா இப்போ? ஸ்பெயின்லேர்ந்து பட்டாவைப் பாக்கவா வர்றாங்க?”

சொந்த ஃப்ளாட், பென்ஷன், வெளிநாட்டில் பையன் — எல்லாம் இருந்தும் மனிதருக்கு அந்தக் கூலி மட்டும் இன்னும் உறுத்துகிறது. எதிர் ஃப்ளாட்டுக்காரரிடம்கூட நிலம் இருந்ததாகத்தான் சொல்லி வைத்திருக்கிறார். பாவமாக இருந்தது. மனப்பாடம் செய்தேன்.

வறுத்த வஞ்சிரம் வந்த நேரத்தில் பெண்ணின் அப்பா கேட்டார் — உங்கள் குடும்பத்தில் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்?

நான் வாயைத் திறந்தேன். பதற்றத்தில் வால் மாறிவிட்டது. “தெனீயான்...” நிலம் வைத்திருந்தார்கள்!

“யார்?” என்றார் அவர்.

கணவரைப் பார்த்தேன். முள்ளே இல்லாத துண்டில் முள் தேடிக்கொண்டிருந்தார். திருத்தியிருக்கலாம். ஏனோ மனசு வரவில்லை. என் மாமனார் கூலிக்கு நட்டதை யாரிடமும் மறைத்தவரில்லை.

“வேறு ஆட்கள். நாங்கள் அதில் வேலை செய்தோம்” என்றேன், ஸ்பானிஷில். இந்த முறை வால் சரியாக வந்தது.

பையன் நிமிர்ந்தான். “அப்பா, நமக்கு நெலம் இருந்துச்சுன்னு சொன்னீங்களே?”

ஆமாம், அவனுக்கும் அதே கதையைத்தான் சொல்லி வளர்த்திருந்தோம்!

கணவர் பதில் சொல்வதற்குள் பெண்ணின் அப்பா மடமடவென்று பேசினார். பையன் மெதுவாகத் தமிழில் சொன்னான்.

“அவங்கப்பாவும் அடுத்தவங்க தோட்டத்துலதான் ஆலிவ் பறிச்சாராம். நம்ம தாத்தா இன்னா பயிர் வெச்சாருன்னு கேக்குறாரு.”

கணவர் மீனைத் தள்ளி வைத்தார். “நெல்லுதான். ஏரி ரொம்புச்சுன்னா ரெண்டு போகம். எங்கப்பா நாத்து நட வயல்ல எறங்குனா, கூட நடுறவன் மூச்சு வாங்குவான்டா!”

கையை ஆட்டி ஆட்டி நட்டுக் காட்டினார். மொழிபெயர்க்க முடியாமல் பையன் திணறினான். ஆலிவ்காரரும் எழுந்து நின்று பறித்துக் காட்டினார். ஐஸ்கிரீம் உருகியதுதான் மிச்சம்.

காரில் திரும்பும்போது கணவர் என் பக்கம் சாய்ந்தார். மெதுவாகக் கேட்டார்:

“நம்ம எதிர் ஃப்ளாட்டுக்காரருக்கு ஸ்பானிஷ் தெரியாதில்ல?”