‘வண்டி உறுதி’ என்று போன குறுஞ்செய்தி

இரண்டு வருடத்துக்கு முன், தை மாதக் கடைசி. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் சம்பா அறுப்பு மும்முரமாக இருந்த நேரம். தஞ்சாவூரில் உள்ள ஒரு சின்ன கம்பெனிக்கு நான் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். ஊரில் கேட்டால் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்பார்கள். என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்த வருடம்தான் முதல் முறையாக என் வேலை ஊருக்குப் புரிகிற மாதிரி அமைந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

அறுவடை வண்டிக்குப் பதிவு செய்யும் ஆப் அது. எங்கள் பக்கம் அறுப்பு நேரத்தில் வண்டி கிடைப்பது குதிரைக் கொம்பு. ஈர வயலில் டயர் வண்டி இறங்காது, செயின் வண்டிதான் வேண்டும். அதற்குப் புரோக்கரைப் பிடிக்க வேண்டும். புரோக்கர் யாரிடமும் முடியாது என்று சொல்ல மாட்டார். "பாத்துக்கலாங்க" என்பார். அதற்குச் சரி என்று அர்த்தமில்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால் இரண்டு மூன்று பேரிடம் சொல்லி வைத்து, எந்த வண்டி முதலில் வருகிறதோ அதை இறக்கிவிடுவார்கள். இந்தக் கூத்தை ஒழிக்கத்தான் நாங்கள் வந்திருக்கிறோம் என்று கம்பெனியில் பேசிக்கொண்டோம்.

என் பங்கு சின்னது. விவசாயி பதிவு செய்ததும், அறுவடை வண்டிகளை வாடகைக்கு விடுகிற வண்டிக்காரர்களின் கம்ப்யூட்டரைக் கேட்டு, அது தரும் பதிலைப் பார்த்து, விவசாயிக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர்கள் இப்படிக் கேட்டுக்கொள்வதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கடிதப் போக்குவரத்து மாதிரி வெறும் எழுத்துதான். இன்னது வேண்டும் என்று நாலு வரி அனுப்பினால், வருகிற பதிலின் முதல் வரியிலேயே மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 200 என்றால் கேட்டது நடந்துவிட்டது. 404 என்றால் அப்படி ஒன்று இல்லை. 202 என்றும் ஒன்று உண்டு. நீ கேட்டது வந்து சேர்ந்தது, இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். அசல் புரோக்கர் பதில். அது வந்தால் கொஞ்ச நேரம் கழித்து நாம்தான் மறுபடி போய்க் கேட்க வேண்டும்.

நான் எழுதி வைத்தது இதுதான்: எண் இரண்டில் தொடங்கினால் நல்ல பதில், ‘வண்டி உறுதி’ என்று அனுப்பு. 202 பற்றித் தெரியாது என்று சொன்னால் பொய். வண்டிக்காரர்கள் தந்த குறிப்பில் அதற்கென்று ஒரு பத்தியே இருந்தது. ஆனால் நாங்கள் சோதித்துப் பார்த்தது மார்கழியில். வண்டிகளெல்லாம் சும்மா நின்றன. கேட்டபோதெல்லாம் 200 வந்தது. அந்தப் பத்தியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. கணவர் வெளிநாட்டில் கட்டட வேலையில் இருக்கிறார். மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாளாகச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். முந்தின வருடம் விளைச்சல் சரியில்லை. இந்தச் சம்பா நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால்தான் நிலம் அவர் கையில் இருக்கும் என்று நிலக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். அக்காவின் போனில் ஆப்பை ஏற்றிக் கொடுத்ததும் நான்தான். ‘வண்டி உறுதி, வெள்ளி காலை’ என்று செய்தி வந்ததும் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பக்கத்து வயலில் ஒரு வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, வியாழக்கிழமை சாயங்காலமே தன் வயலிலும் இறக்கித் தருவதாகப் புரோக்கர் சொல்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டார். உறுதி சொன்ன வண்டி வந்து சும்மா திரும்பினால் நன்றாக இருக்காதே என்பது அவர் கவலை.

"இது புரோக்கர் பேச்சு இல்லக்கா. உறுதின்னா உறுதிதான். அவரை வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றேன்.

சொல்லும்போது எனக்கு இருந்த மிதப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அக்கா அந்த வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, வண்டி திரும்ப வசதியாக வயலின் நாலு மூலையையும் கையால் அறுத்து வைத்தார். வண்டி வரவில்லை. பத்து மணிக்கு போன் செய்தார். வந்துகொண்டிருக்கும் என்றேன். மதியம் மறுபடி செய்தார். அப்போதுதான் சந்தேகம் தட்டி, எங்களுக்கு வந்திருந்த பதில்களைத் திறந்து பார்த்தேன். அவர் பதிவுக்கு நேரே 202. அன்றைக்குப் பதிந்த இன்னும் பலருக்கும் அதே எண். அதற்குப் பிறகு நாங்கள் மறுபடி கேட்கவே இல்லை.

அப்போது உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஒரு வழி இருந்தது. புரோக்கரின் வண்டி அடுத்த ஊரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. காலில் விழுந்தாவது சாயங்காலத்துக்குள் அழைத்து வந்திருக்கலாம். நானோ கம்பெனி முதலாளிக்கு போன் செய்தேன். முதலில் கோளாறைச் சரி பண்ணுங்கள், வெளியே யாரிடமும் பேச வேண்டாம், நாளைக்கு வண்டிகளுக்கு ஏற்பாடு செய்துவிடலாம் என்றார். ஒரு மணி நேரத்தில் சரி செய்தேன். இரண்டே வரி. கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அக்காவிடம் மட்டும், வண்டி நாளைக்கு வந்துவிடும் என்றேன். புரோக்கரே தேவலாம்.

சனிக்கிழமை மழைதான் வந்தது. தை மாதத்தில் யாரும் கேட்காத மழை, இரண்டு நாள் விடாமல் கொட்டியது. முற்றிய பயிர் மொத்தமும் தண்ணீரில் சாய்ந்துவிட்டது. வடிந்து வண்டி இறங்குவதற்குள் கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நாற்றங்காலில் பார்த்திருந்தால் சந்தோஷப்பட வேண்டிய பச்சை அது.

அக்கா வரப்பில் குந்தி, ஒரு கதிரைக் கையால் உருவிக்கொண்டிருந்தார். அதற்குள் கம்பெனியிலிருந்து, வண்டி வராத எல்லோருக்கும் ஒரு செய்தி போயிருந்தது. என்னைப் பார்த்ததும் அதைத்தான் கேட்டார்.

"நெட்வொர்க் கோளாறாமே?"

நான் "ஆமாக்கா" என்றேன். அந்தச் செய்தியின் வாசகத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

பங்குனியில் நிலம் வேறொருவர் கைக்குப் போனது. அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போய், 202-இல் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மாவு சலித்துக்கொண்டே கேட்டார். எழுதியதில் நேர்ந்த தவறைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சல்லடையைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வெள்ளிக்கெழமை மத்தியானமே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

எழுந்து உள்ளே போய்விட்டார். இப்போது அவர் நூறு நாள் வேலைக்குப் போகிறார், மற்ற நாளில் அடுத்தவர் வயலில் நடவுக்குப் போகிறார். எதிரில் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பார். வீட்டுக்கு வா என்று சொல்வதில்லை.

நான் எழுதிய தவறு ஒரு மணி நேரத்தில் திருந்திவிட்டது. அந்த மத்தியானம் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததைத் திருத்தத்தான் இன்றுவரை எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.