அம்மாவுக்கு எத்தனை கால்?

போன வாரம் எங்கள் வீட்டில் தமிழ்ப் பண்பாடு ஆபத்தில் சிக்கிக்கொண்டது. காப்பாற்ற நானும் ஓடினேன் – அங்கேதான் வம்பு.

என் தங்கை செல்வி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் டிரில்லிங் மெஷினில் நிற்கிறாள். பக்கத்து மெஷின் பெண்ணின் முந்தானையை பெல்ட் இழுத்துவிட்டது. யாரோ ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்கள். புடவை கிழிந்ததோடு போயிற்று. மறுநாளே உத்தரவு. திங்கட்கிழமை முதல் மெஷினில் நிற்கும் பெண்களுக்குக் காக்கி பேண்ட், சட்டை. முடியாது என்பவர்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.

செல்விக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டே மாதம். காக்கித் துணியோடு வீட்டுக்கு வந்தாள். பூந்தமல்லியில் தைக்கக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி...

வந்தார் மாமா. அம்மாவின் தம்பி, ஆவடியில் லாரி மெக்கானிக்.

"வயசுப் பொண்ணு ரெண்டு கால் தெரிய ரோட்ல போறதா? அப்புறம் நம்ம ஊரு சேக்காட்ல தலகாட்ட முடியுமா? நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவன். நீயே சொல்லு நைனா."

இப்படிக் கேட்டால் விடுவேனா? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். தமிழ் மன்ற விழாவில் உடை பற்றிப் பேசிக் கைதட்டு வாங்கியவன் வேறு. ஆரம்பித்துவிட்டேன் – ஆதிகாலம் தொட்டு தமிழ்ப் பெண்ணின் உடை புடவையும் ரவிக்கையும்தான், பாதம் மறையும் கொசுவம்தான், அதை விட்டால்...

செல்வி காக்கித் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். பார்க்கவில்லையே!

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாடா சொன்னே? ரவிக்கையா? கண்ணாலத்துக்கு உங்கப்பன் எடுத்தாந்தான் பாரு, அதான் நான் போட்ட மொத ரவிக்கை. அதுக்கே 'வந்துட்டா தொரசானி'ன்னு ஊரே சிரிச்சுது."

"அது வேற விசயம்க்கா," என்றார் மாமா. "நான் கால் தெரியறத சொல்றேன்..."

"செம்பரம்பாக்கத்துல நாத்து நட்டப்போ புடவைய காலுக்கு நடுவுல இழுத்து தார்ப்பாய்ச்சி கட்டிக்கினு முட்டி வரைக்கும் சேத்துல நின்னேன். வரப்பு மேலருந்து நாத்துக்கட்டு வீசினவன் நீதானே? அப்ப எனக்கு எத்தினி கால் தெரிஞ்சுது? நாலா?"

மாமா செருப்பைத் தேடினார்.

"இல்லம்மா, வரலாறு என்ன சொல்லுதுன்னா..." என்று நான் இழுத்தேன்.

"நீ சும்மா கெட. மொதல்ல உன் பேண்ட்டப் பாரு, தெருவ கூட்டிக்கினு போவுது."

என் பெல்பாட்டம் புதிது. அதனால் கொஞ்சம் வலித்தது.

யோசித்துப் பார்த்தேன். நமக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்ததெல்லாம் உலகம் தோன்றிய நாளிலிருந்தே இருந்தது என்று ஏன் நினைக்கிறோம்? நான் அத்தனை கம்பீரமாகச் சொன்ன ஆதிகாலம்... எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அம்மாவின் கல்யாணத்தன்றுதான் ஆரம்பித்திருக்கிறது!

அடுத்த நாள் செல்வியை நானே பூந்தமல்லிக்கு அழைத்துப் போனேன். தையற்கடை பாய் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பண்பாடு பற்றி அவர் பேசவே இல்லை. "பாக்கெட்டு ஆழமா வெச்சிடட்டாம்மா?" என்று மட்டும் கேட்டார். புடவையில் ஏது பாக்கெட்? செல்வி அப்போதுதான் சிரித்தாள்.

திங்கட்கிழமை. காக்கி பேண்ட்டில் தங்கை சைக்கிள் கேரியரில். ஊரே பார்க்கிறது. நான் நிமிர்ந்து மிதிக்கிறேன். எஸ்டேட் கேட் கண்ணுக்குத் தெரிகிற நேரம் – வண்டி நின்றுவிட்டது. என் பெல்பாட்டம் செயினில்!

முதல் நாளே லேட் ஆகலாமா? செல்வி குதித்து இறங்கினாள். "நீ மெதுவா வாண்ணா" என்று எட்டி நடந்தவள், சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்குள் போய்விட்டாள்.

எதிர் டீக்கடையிலிருந்து ஒரு குரல்:

"இன்னா நைனா, தங்கச்சி பேண்ட்டு போட்டுக்கினு ஜோரா போயிடுச்சு... நீ பாவாட கட்டிக்கினு மாட்டிக்கினு கீறியே!"