கதவுச் சின்னம்

அச்சிரோ ஆறாம் வகுப்பில் இரண்டாவது வருடம் இருந்தாள். படிப்பு வராமல் அல்ல. எங்கள் பள்ளியில் பெண்கள் கழிப்பறைக்குக் கதவு கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வாசலில் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காற்று அடித்தால் துணி யார் சொல்லையும் கேட்காது. அதனால் பெரிய பெண்கள் மாதத்தில் சில நாள் வீட்டிலேயே தங்கிவிடுவார்கள். அச்சிரோவும் தங்கினாள். அந்த நாட்களில் பரீட்சை வந்தது. ஒரு வருடம் போனது.

உகாண்டாவில், குலு ஊரிலிருந்து கிட்கும் ஊருக்குப் போகும் செம்மண் சாலையில் இருக்கிறது பள்ளி. நான் அங்கே மூன்றாம் வகுப்பு ஆசிரியன். அச்சிரோவின் அப்பா கடைத்தெருவில் சைக்கிள் பழுது பார்ப்பவர். மாலையில் அவளும் அங்கே உட்கார்ந்து சக்கரங்களுக்குக் கோணல் எடுப்பாள். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, எங்கே உரசுகிறது என்று பார்த்து, ஒரு கம்பியை முறுக்கி, மறுபடி சுழற்றுவாள். இருட்டினாலும் எழ மாட்டாள்.

மாணவர் மன்றத் தலைவராக வருபவருக்கு மட்டும்தான் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேச உரிமை உண்டு. அதற்காகவே அவள் தேர்தலில் நின்றாள். சின்னம் கதவு. எதிரே நின்றவன் தச்சரின் மகன் கோமாகெச், சின்னம் பந்து. அவன் பெயருக்கு எங்கள் அச்சோலி மொழியில் 'எனக்கு அதிர்ஷ்டமில்லை' என்று பொருள்.

"பேர்லயே அதிர்ஷ்டம் இல்லங்கறான். அவனுக்குப் போயா ஓட்டு?" என்று கேட்டாள் அச்சிரோவின் தோழி அடோங்.

"அதிர்ஷ்டம் இல்லாதவனுக்குத்தாண்டி நாலு பேரு உதவணும்" என்றான் கோமாகெச். பிரச்சாரத்தில் அவன் கெட்டிக்காரன்.

அவனுடைய கூட்டாளிகள் அச்சிரோவைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். "கக்கூஸ் மந்திரி வராங்க, வழி விடு."

"நீ போற எடத்துக்குக் கதவு இருக்குடா. அதான் சிரிப்பு வருது" என்றாள் அவள். குரல் உயரவில்லை. ஆனால் பின்னால் நின்ற பெரிய பெண்கள் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

தேர்தலன்று நான்காம் வகுப்பு அறையில் சின்னம் வரைந்த இரண்டு பானைகள் வைத்தோம். ஆளுக்கொரு நிலக்கடலைப் பருப்பு, பள்ளித் தோட்டத்து விதைமூட்டையிலிருந்து. ஒவ்வொருவராகத் தனியாக உள்ளே போய், பிடித்த பானையில் போட்டுவிட்டு வர வேண்டும். எண்ணிப் பார்த்தபோது பந்துக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் இரண்டு பானையையும் சேர்த்தாலும் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேரின் கடலைதான் இருந்தது.

தலைமை ஆசிரியர் ஒர்யெமா முதல் வகுப்புக்காரர்களை வரிசையாகப் பார்த்தார். "யாரு தின்னது?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தெரிந்துவிடும். கடைசியில் லாலாம் என்ற சிறுமி, "நான் முழுசாத் திங்கல சார். பாதியப் பந்துக்குப் போட்டேன்" என்றாள்.

முற்றமே சிரித்தது. அச்சிரோ சிரிக்கவில்லை. "மறுபடி நடத்தணும் சார்."

"தின்ன ஓட்டு செல்லாத ஓட்டும்மா. மழை வேற வருது. அப்படி வேணும்னா ரெண்டு பேரும் நில்லுங்க, பின்னால வரிசை கட்டட்டும். ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

"வரிசை வேண்டாம் சார்."

"ஏன், ஆள் வராதுன்னு பயமா?"

"வர மாட்டாங்க சார். எல்லாரும் பாத்துட்டிருக்க, கக்கூஸ் கதவுக்குப் பின்னால யாரு வந்து நிப்பா? நாளைக்கு இவனுங்க சும்மா விடுவானுங்களா? பானைன்னா போடுவாங்க."

ஒர்யெமா வானத்தைப் பார்த்தார். கோமாகெச் நியாயமாகவே கேட்டான்: "கடலைன்னா திம்பாங்க. கல்லுன்னா ஒருத்தனே கைநிறைய அள்ளிப் போடுவான். என்ன பண்ணலாங்கற?"

அச்சிரோ முற்றத்து ஓரத்துக்கு நடந்தாள். அங்கிருந்த வேம்பில் ஏறி இரண்டு கை இலை பறித்து, சமையல் கொட்டகை உரலில் இடித்தாள். மூட்டையில் மிச்சமிருந்த கடலையைக் கொட்டி அந்தப் பச்சை விழுதில் புரட்டினாள். ஒன்றை எடுத்துக் கோமாகெச்சிடம் நீட்டினாள். "தின்னு பாரு."

அவன் மென்றான். முகம் கோணியது. வேலி ஓரம் ஓடிப் போய்த் துப்பினான்.

"இத லாலாம்கூடத் திங்க மாட்டா" என்றார் ஒர்யெமா. "சரி, ஆரம்பிங்க."

இம்முறை நான் கதவருகே நின்றேன். குனிந்த தலையோடு உள்ளே போன பெரிய பெண்கள் கையைப் பாவாடையில் துடைத்தபடி வந்தார்கள். யாரும் அச்சிரோவின் பக்கம் திரும்பவில்லை. அவளும் யாரையும் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்ப்பது போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்ணி முடித்தபோது எங்கள் விரல்களெல்லாம் பச்சை. கதவுப் பானை நிறைந்திருந்தது. அடோங் முதல் வகுப்புக்காரி ஒருத்தியைத் தூக்கிச் சுற்றினாள்.

"அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். அங்க பேசு" என்றார் ஒர்யெமா.

"பேசறேன் சார். அதுக்குள்ள கதவோட அளவும் விலையும் தெரிஞ்சா, அடுத்த கூட்டத்துல பாக்கலாம்னு அவங்களால சொல்ல முடியாது."

கொட்டகையிலிருந்து ஒரு சோளத்தட்டையை உருவிக்கொண்டு கழிப்பறை வாசலுக்குப் போனாள். வாசலின் உயரத்துக்கு அதை ஒடித்து, அகலத்துக்கு ஒரு நகக்கீறல் போட்டாள்.

"டேய், வா. உங்கப்பா பட்டறைக்கு."

"தோத்தவனை வேலை வாங்கறியே, இது நியாயமா?" என்றான் கோமாகெச்.

"கதவு வந்ததும் பந்தும் கேக்கறேன். நட."

முதல் தூறல் விழுந்தது. அவன் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். அவள் அக்குளில் தட்டையை இடுக்கிக்கொண்டு, கீறல் அழியாதபடி அந்த இடத்தைக் கையால் பொத்தியபடி முன்னால் நடந்தாள்.