படம் போய் விழும் இடம்

“தம்பி, கேமராவ அப்படியே இடப்பக்கம் திருப்புங்க. செவுத்தப் பார்க்கணும்” என்பாள் பஹீமா. வீடியோ அழைப்பில், ஷார்ஜாவிலோ தோஹாவிலோ இருக்கும் மாப்பிள்ளைப் பையன் எதற்கென்று புரியாமல் திருப்புவான். சுவரோரம் இரண்டடுக்குக் கட்டிலின் கால் தெரிந்தால், தனி ஃபிளாட்டில் இருப்பதாக அவன் சொன்ன பேச்சு அங்கேயே சரிந்துவிடும். சிரித்த முகத்தோடு அவள் ஒரு விசையைத் தட்டுவாள். திரையில் இருப்பது அப்படியே படமாகிக் கணினிக்குள் போய்விடும்.

“பொறவு நான் அப்படிச் சொல்லவே இல்லன்னுடுவாங்க. அப்ப எடுத்துக் காட்ட வேணாமா?”

காரைக்காலில் பெண்ணைப் பெற்றவர்கள் வரன் விசாரிக்க அவளிடம் வருவது இந்தச் சந்தேகத்துக்காகத்தான். புது மீன் என்று மீன்காரம்மா சத்தியம் செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். பூட்டிய கதவை மூன்று முறை இழுப்பாள். மாப்பிள்ளையின் கோட்டுக் கை மணிக்கட்டைத் தாண்டி நீண்டால் அது இரவல் கோட்டு. தாடி ஒரு வாரத்துக்குள் வளர்ந்ததா, வெகுநாளாக வைத்ததா என்பதைக்கூட உற்றுப் பார்ப்பாள். பார்த்ததைப் பெண்ணின் தாயைத் தவிர வேறு யாரிடமும் சொல்லமாட்டாள். அவளுடைய பேரே அந்த வாயடக்கத்தில்தான் இருந்தது.

அவள் நம்பிய ஒரே பொருள் அந்தப் பழைய கணினி. தம்பி தாவூது ஷார்ஜாவிலிருந்து விடுப்பில் வந்தபோது, ஊர்ந்துகொண்டிருந்த அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு ஓடவைத்துவிட்டுப் போனான். “என் தம்பி போட்டது. வைரஸ் அண்டாது” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

போன மாதம் சுல்தான் பீவி வந்தாள். மகளுக்குப் பார்த்த ஒரு வரனைப் பஹீமாதான் விசாரித்துக்கொண்டிருந்தாள். சுல்தான் பீவி உட்காரவில்லை. பையனைத் துருவியது ஷார்ஜாவில் அவன் அறைக்காரர்கள் வரை தெரிந்துவிட்டதாம். மாப்பிள்ளையின் தாய் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாளாம்.

“நம்ம பேசுனது நம்மகிட்ட நிக்கலையே பஹீமா. இனிமே நான் வேற ஆளப் பார்த்துக்குறேன்.”

அன்று முழுக்கப் பஹீமா சாப்பிடவில்லை. வீட்டில் இன்னொரு ஆள் கணவன் கபீர். சாயங்காலமானால் டீக்கடையில் போய் உட்காருகிறவர். படங்களைத் திறந்து பார்த்து அங்கே போய்ச் சொன்னாரா என்று கேட்டதற்கு, “எனக்கு அந்த மிஷின ஆன் பண்ணவே தெரியாதேம்மா” என்றார். போனில் ராத்திரி பகலாக வீடியோ பார்க்கிறவருக்கு இது தெரியாதா என்று அவளுக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை.

எடுத்த படங்களெல்லாம் ‘பிக்சர்ஸ்’ என்ற ஃபோல்டரில், குடும்பப் படங்களோடு கலந்து கிடந்தன. யார் திறந்தாலும் தெரியும். யூடியூபைப் பார்த்துப் பார்த்து, படம் எடுக்கும் செயலியின் அமைப்புகளுக்குள் நுழைந்து, சேமிக்கும் இடத்தை மாற்றினாள். புது ஃபோல்டருக்கு ‘கேஸ் புக்கிங்’ என்று பெயர் வைத்தாள். சிலிண்டர் சமாசாரம் என்றால் கபீர் அதைத் திறக்க வாய்ப்பே இல்லை. சோதனைக்கு ஒரு படம் எடுத்து, புது இடத்தில் விழுந்ததையும் பழைய இடத்தில் விழாததையும் பார்த்த பிறகுதான் எழுந்தாள். பழைய படங்களையும் அங்கே தள்ளினாள்.

இரண்டு நாள் கழித்துத் தாவூது வீடியோவில் கூப்பிட்டான்.

“என்ன லாத்தா, படமே வரல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“என்ன படம்டா?”

ஊர்ப் படம் பார்க்கலாமே என்று, அந்த ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டரில் எது விழுந்தாலும் தன் போனுக்கும் வருகிற மாதிரி விடுப்பில் வந்தபோதே செய்துவைத்தானாம். சொல்ல மறந்துவிட்டானாம்.

பஹீமா நாற்காலியை இழுத்துத் திரைக்கு அருகே போட்டாள். சுல்தான் பீவி சொன்ன பையனைத் தெரியுமா என்று கேட்டாள். அதே கட்டடம்தான் என்றான். லிஃப்டில் பார்த்தபோது, எங்க லாத்தாதான் ஒன்னப் படம் புடிச்சு விசாரிக்கிறாங்க என்று சந்தோஷத்தில் சொல்லிவிட்டானாம். கூட நாலு பேர் இருந்தார்களாம்.

“என் பேரக் கெடுத்துட்டியேடா. ஊரான் வீட்டுப் புள்ளைங்க மூஞ்சியத் தினம் உக்காந்து பார்த்தியா?”

“அவன் தெரிஞ்ச பய. மத்தவனுவ மூஞ்சிய யாரு பார்த்தா? கீழ மூலையில சின்னக் கட்டத்துல நீ இருப்ப. பெருசு பண்ணி அதத்தான் பார்ப்பேன்” என்றான். “வேணாம்னா அந்த இணைப்ப எடுத்துடுறேன் லாத்தா.”

எடு என்று சொல்லாமலே பஹீமா வைத்துவிட்டாள். சுல்தான் பீவிக்குப் போன் போட்டு, வெளியே விட்டது தன் தம்பிதான் என்று மறைக்காமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் துண்டிக்கப்பட்டது. கபீருக்கு இரண்டு முட்டை பொரித்து வைத்து, “சாப்பிடுங்க” என்றாள்.

பிறகு கணினி முன் உட்கார்ந்தாள். ‘கேஸ் புக்கிங்’கைத் திறந்து, கடைசியாக எடுத்த ஒரு படத்தை எடுத்தாள். மாப்பிள்ளை, அவன் சுவர், அவன் கட்டில் எல்லாவற்றையும் வெட்டினாள். கண்ணை இடுக்கிக்கொண்டு எதையோ உற்றுப் பார்க்கும் தன் முகம் மட்டும் மிஞ்சியது. விளிம்பில் அந்தப் பையனின் சட்டை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அதை ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டரில் போட்டாள்.