நானா பேரைச் சொல்லி நாய்களுக்குக் கொத்து போடாதீர்கள்

ரவூப் நானா போய்விட்டார்.

கொட்டகலை பஜாரில் என் ஃபோன் கடைக்குப் பக்கத்து ஹோட்டல்காரர். காலையில் நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமும் ஆகிவிட்டது.

துக்கம் இருக்கிறது. ஆனால் இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

மூடிய கடை வாசலில் தெருநாய்கள் எல்லாம் வழக்கம்போல வந்து காத்துக் கிடந்தன. பார்த்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை. "நானா பேருல" என்று சொல்லிச் சொல்லி ஒருவர் கொத்து ரொட்டி போட்டார், ஒருவர் மீன் அடைத்த மாலு பாண், இன்னொரு புண்ணியவான் பால் டீ!

மத்தியானம் அந்த நாய்களில் ஒன்றான சூட்டி வாந்தி எடுத்து எடுத்துச் சுருண்டுவிட்டது. மற்றதுகளுக்கு வயிற்றோட்டம். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நாற்றம்.

இதைத்தானே மனுஷன் ஆயுசு பூராவும் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினார்...

ஒருமுறை கொழும்பு வேனில் வந்த குடும்பம் ஒன்று சூட்டிக்கு ரோல்ஸ் நீட்டியது. நானா கல்லாவை விட்டு ஓடி வந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். தன் கடை ரோல்ஸ்தான்.

"பாவம் நானா, ஆசையா பாக்குதுல்ல..." என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"பாக்கும் தங்கச்சி, பாக்கும். நாய் வவுத்துல என்ன இரும்பா ஈக்கு? காலைல அது கக்கினா நீ வந்து கழுவுறியா?"

பனியில் வாளியும் விளக்குமாறுமாக அவர்தான் கழுவுவார். திட்டிக்கொண்டேதான்.

அப்புறம் அந்தக் கல்யாணச் சாப்பாடு. யாரோ மிச்ச இறைச்சிக் குழம்பை எலும்போடு கொட்ட, சூட்டிக்கு இரத்தமாகப் போனது. நாயைத் தொடாத மனுஷன் இரண்டு கையிலும் சொப்பிங் பேக்கைச் சுற்றிக்கொண்டு, அதை யூரியா உரப்பையில் தூக்கி த்ரீவீலில் ஏற்றினார். நானும் கூடப் போனேன்.

மிருக டாக்டர் யாருடைய நாய் என்று கேட்டார்.

"எனக்கு நாயே இல்ல டொக்டர்" என்றார் நானா. கண் கலங்கியிருந்தது.

அன்றிலிருந்து அதுகளுக்குத் தனிச் சட்டி. உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் இல்லாத வெறும் சோறு, கொஞ்சம் அவித்த கோழி. அவ்வளவுதான்.

அதனால் இன்று மத்தியானமே என் கடையைச் சாத்திவிட்டு நானா கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பார்சலோடு வந்த ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பினேன். ஏச்சும் வாங்கினேன்.

கடைசியாக மரக்கறி விற்கும் பவானி அக்கா கோழி புரியாணியோடு வந்து நின்றார்.

"போடாதீங்கக்கா."

"நானாவுக்காகத்தான் புள்ள வாங்கியாந்தேன்... மய்யித்து தூக்கிட்டுப் போறப்ப தூரத்துல நின்னுதான் பாத்தேன். வேற என்னதான் நான் செய்யிறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்போ நீங்க சாப்பிடுங்கக்கா. காலையிலேருந்து பச்சத்தண்ணி கூட குடிக்கலதானே?"

பார்சலைப் பிரித்து இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா அழுதுகொண்டே சாப்பிட்டார். நாய்கள் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு பருக்கை போடவில்லை.

நிம்மதியாப் படுங்க நானா. இன்றைக்கு அதுகளுக்குத் தண்ணீர் மட்டும்தான். சூட்டி இப்போது என் காலடியில் தூங்குகிறது. காலையில் நான் சோறு அவிக்கிறேன்.

யாராவது ரோல்ஸோடு வரட்டும்... பார்த்துக்கொள்கிறேன்.