பாலத்துத் திண்டில் ஒரு மாப்பிள்ளை

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். ஞாபகமும் ஓட்டைப் போசி மாதிரி, ஊற்றுவதில் பாதிதான் தங்குகிறது. முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீதியில் ரவுடித்தனத்தை ஒழிக்கக் கமிட்டி போட்ட கதை இது. ரவுடித்தனம் ஒழிந்தது வாஸ்தவம். கமிட்டிதான் ஒழித்ததா என்று படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அப்போது எனக்குப் பதினாறு, பதினேழு இருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. தைத்த பனியனில் தொங்குகிற நூல் பிசிறை வெட்டி, மடித்து அடுக்குவது என் வேலை. பெண்பிள்ளைகள் கம்பெனிக்குப் போவது புதுசு. சாயங்காலம் வேலை விட்டு வரும்போது ஓடைப் பாலத்தைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். அந்தப் பாலத்துத் திண்டில் அஞ்சாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டுப் பாடுவார்கள், விசில் அடிப்பார்கள். ஒருநாள் ஒருத்தியின் சோற்றுத் தூக்குப்போசி மூடியைப் பிடுங்கிச் சுழற்றி ஓடைக்குள் விட்டார்கள். இன்னொரு நாள் ஒருத்தியின் பின்னலில் இருந்த பூவை உருவி, அந்தப் பக்கமாகப் போன ஆட்டின் கொம்பில் சுற்றினார்கள். ஆடு பூவைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. அவள் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

என் அப்பாவும் சொல்லிவிட்டார். "இந்த வாரத்துக்குள்ள சரியாகலீன்னா நீயும் நின்னுக்க அம்மிணி. பெருமாநல்லூர்ல கேக்கறாங்க, குடுத்தர்றேன்."

பெருமாநல்லூரில் கேட்ட வீட்டில் மாப்பிள்ளை எப்படி என்று எனக்குத் தெரியாது. எருமை நிறைய என்று மட்டும் தெரியும். சாணி அள்ளுவதைவிடப் பிசிறு வெட்டுவது எவ்வளவோ மேல். ஆனால் அதை அப்பாவிடம் சொல்ல வாய் வேண்டுமே.

அந்தச் சமயத்தில்தான் போலீஸ் ஏட்டு டீக்கடைக்கு வந்து, "ஸ்டேஷன்ல இருக்கறதே நாலு பேருங்க. ஊரும் ஒரு கை குடுத்தாத்தான் ஆகுமுங்க" என்றார். உடனே கமிட்டி பிறந்தது. எங்கள் கம்பெனி முதலாளி தலைவர். வேஸ்ட் துணி வியாபாரம் பண்ணிய பாய் ஒருத்தர், என் அப்பா, ஏட்டு. முதல் கூட்டத்தில் முறுக்கு யார் வீட்டில் சுடுவது என்பதை ஏகமனதாக முடிவு செய்தார்கள். கையில் கட்டிக்கொள்ளப் பட்டை வேண்டுமென்று, கம்பெனியில் மிஞ்சிய பனியன் துணியிலேயே தைத்துக்கொண்டார்கள். பனியன் துணி இழுத்த பக்கம் போகும் என்பது அந்தத் தொழில் பண்ணுகிறவர்களுக்கே மறந்துவிட்டது. தோளில் மாட்டிய பட்டை பாலத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மணிக்கட்டுக்கு இறங்கி வளையல் ஆகியிருந்தது.

நாங்கள் வேலை விட்டு வருகிற நேரம். திண்டில் நடுவில் உட்கார்ந்திருந்தவன்தான் அந்தக் கும்பலுக்குத் தலைவன். செம்பட்டை மீசை. எங்கள் தலைவர் அவன் முன்னால் போய் நின்றார்.

"ஏனுங் தம்பி, உங்களுக்கு எந்தூருங்க?"

"குன்னத்தூர்ப் பக்கமுங்க."

"எந்தக் கூட்டமுங்க?"

கூட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் குலம். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தம்பி. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். அடிக்கப் போனாலும் கூட்டம் கேட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். மீசைக்காரன் சொன்னான். தலைவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நாங்க பொண்ணு குடுக்கற கூட்டமாச்சுங்களே. அப்ப நீங்க எங்களுக்கு மாப்ளை முறை."

மீசைக்காரன் அன்றைக்குத்தான் முதல்முதலாகத் திண்டைவிட்டு இறங்கினான். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டு, "அப்படீங்களா மாமா" என்றான்.

பாய் தலைவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏனுங்க, நாம வந்த சோலி என்னாச்சுங்க?"

"மாப்ளையப் போயி வீதியில நிறுத்திக் கேக்கறதுங்களா பாய்? ஒறம்பரைங்க, சொந்தமுங்க."

"அப்ப நான் கேக்கறனுங்க. எனக்கு ஒறம்பரை இல்லையே."

"எங்க மாப்ளைய நீங்க கேட்டா நல்லாருக்குமுங்களா?"

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்ப கேசு இல்லீங்களா?"

"காப்பி சொல்லுங்க ஏட்டையா" என்றார் தலைவர்.

காப்பி வந்தது. அந்தக் கும்பலில் எல்லோருக்கும் வந்தது.

மறுநாள் முதல் எங்கள் பாடு இன்னும் மோசம். வீதியில் பாதிப்பேர் தலைவருக்குப் பங்காளிகள், என் அப்பா உட்பட. அந்தக் கணக்கில் நாங்கள் மீசைக்காரனுக்கு முறைப்பெண்கள். முறைப்பெண்ணைக் கேலி செய்ய எங்கள் பக்கத்தில் பாத்தியதை உண்டு. "மாமன் பொண்ணு பேசாமப் போகுது பாரு" என்று உரிமையோடு கத்தினான். என் அம்மா தலைவரிடம் போய் முறையிட்டபோது, "முறைக்காரன் நாலு வார்த்தை பேசறதுதான அம்மிணி" என்று அனுப்பிவிட்டார். முந்தாநாள் வரைக்கும் ரவுடித்தனம், இப்போது சம்பிரதாயம்.

"நம்ம கமிட்டி அவனுக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுத்துருச்சுங்க" என்று பாய் என் அப்பாவிடம் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம், "சனிக்கிழமையோட நின்னுக்க" என்றார்.

சனிக்கிழமை பிசிறோடு சேர்த்து ஒரு பனியனையும் வெட்டிவிட்டேன். கண்ணில் தண்ணீர் நின்றால் கத்தரி எங்கே போகிறது என்று தெரியாது. எங்களோடு மடிக்கிற ஒரு நடுவயது அம்மா இருந்தார். புருஷன் இல்லை, குரல் உண்டு. நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியம்மா என்போம். அவர் என் மோவாயைத் தூக்கி என்னவென்று கேட்டார். காதோடு சொன்னேன்.

"அவன் மாப்ளையாமா? வா, பாத்துக்கலாம்" என்றார்.

சாயங்காலம் பாலத்தில் மீசைக்காரன் வாய் திறப்பதற்குள் பெரியம்மா அவன் முன்னால் போய் நின்று, அவனை ஏற இறங்கப் பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏஞ்சாமி, நீ குன்னத்தூரா? அதான் மொகம் அப்படியே இருக்குது. உன்ற அம்மாயியும் எங்கம்மாளும் கூடப் பொறந்தவிக கண்ணு. நான் உனக்குச் சின்னம்மா."

அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவள். மீசைக்காரன் முழித்தான். பக்கத்தில் டீக்கடை, கடையில் கூட்டம். அத்தனை பேர் முன்னால் கண்ணைத் துடைக்கிற சின்னம்மாவை இல்லை என்று எவன் சொல்வான்?

"இருக்கட்டுங்க சின்னம்மா" என்றான்.

"இதுக பூராவும் என்னையப் பெரியம்மான்னு கூப்புடற புள்ளைக. அப்ப உனக்கு என்ன வேணும்?"

திண்டில் இருந்த ஒருத்தன் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொடுத்தான். "தங்கச்சி வேணுமுங்க."

"ஆமா. இந்தா, தங்கச்சிக களைச்சு வருதுக. ஊடு வரைக்கும் கொண்டாந்து குடு."

பெரியம்மா தன் தூக்குப்போசியை அவன் கையில் மாட்டினார். பின்னால் வந்தவளும் மாட்டினாள். அப்படியே ஒவ்வொருத்தியும். கடைசியாக நான். விரல் எல்லாம் நிரம்பிவிட்டதால் முழங்கையில் தொங்கவிட்டேன். என் ஆயுசில் நான் செய்த பெரிய தைரியம் அதுதான். மீசைக்காரன் தேர் மாதிரி கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டு முன்னால் நடக்க, அவனுடைய ஆட்களே பின்னால் விசில் அடித்தார்கள். "தங்கச்சிகளப் பாத்தா அடிக்கறீங்க?" என்று அவர்கள் மேல் பாய்ந்தான்.

டீக்கடையிலிருந்து அப்பா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே, "நாளைக்கு நேரத்துல எந்திரி. கம்பெனிக்கு நேரமாயிரும்" என்றார். பெருமாநல்லூர் எருமைகள் தப்பித்தன.

அடுத்த வாரம் கமிட்டி கூடித் தனக்குத் தானே நன்றி சொல்லிக்கொண்டது. ஏட்டு தலைவருக்கு மாலை போட்டார். பெரியம்மாவைக் கூப்பிடவில்லை. கமிட்டிக்குப் பொம்பளைகள் வரும் வழக்கம் இல்லையாம். முறுக்கு மட்டும் கொடுத்துவிட்டார்கள்.

பின்னால் என் கல்யாணத்துக்கு மீசைக்காரன் அண்ணன் முறையில் சேலை எடுத்து வந்தான். அன்றைக்குத்தான் பெரியம்மாவிடம் ஒதுக்குப்புறமாகக் கேட்டேன், அந்த உறவு நிஜம்தானா என்று. "மணவறைக்குப் போற புள்ள கேக்கற கேள்வியா இது" என்று என் தலையில் பூவைச் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிட்டார். இப்போது அவரும் உயிரோடு இல்லை, மீசைக்காரனும் இல்லை.

குன்னத்தூர்ப் பக்கம் பெரியவர்கள் யாராவது இருந்தால் விசாரித்துச் சொல்லுங்கள். அவன் அம்மாயியும் எங்கள் பெரியம்மாவின் அம்மாவும் நிஜமாகவே கூடப் பிறந்தவர்கள்தானா? நான் எழுதியதில் வேறு பிசகு இருந்தாலும் திருத்திவிடுங்கள். உறவு பொய் என்று தெரிந்தால் மட்டும் அவன் வீட்டாரிடம் சொல்ல வேண்டாம். அந்தச் சேலை கிழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. திருப்பிக் கொடுக்க வழியில்லை.